மணியின் முழங்கால்

தாம்பரத்தில் எங்கள் இல்லத்தில் மணி என்னும் சிறு நாய் ஒன்று உண்டு, பொமரேனியன் இனத்தது. நாள்தோறும் காலையில் அதனுடன் உலாவி வருவது என் வழக்கம். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மணி, பின்னங்கால் ஒன்றைத் தூக்கியவாறு நான்கடி நொண்டிற்று. பின்பு காலை உதறிவிட்டு முன்போலவே ஓடிற்று. விளையாடுகிறது என்று எண்ணி நான் நகைத்தேன். “இல்லை தாத்தா, அதற்குக் கால் வலிக்கிறது” என்றாள் உடன்வந்த பேத்தி.

செய்தி அறிந்தோர் ஆளுக்கொன்று உரைத்தனர். உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார் ஒருவர். நாயின் கால் தானே தேறிவிடும் என்றார் மற்றொருவர். எதனையும் துணிய இயலாமல், 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் விளங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு மணியைக் கொண்டு சென்றோம்.

மருத்துவ அம்மையார் அதன் காலை மெல்ல நீட்டியும் மடக்கியும் பார்த்தார். தொடையெலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. கிணற்று உருளையின் பள்ளத்தில் கயிறு ஓடுவதுபோல, முழங்காற்சில்லு அதனுள் மேலும் கீழும் இயங்கும். சிறிய இன நாய்கள் பலவற்றுக்கு அப்பள்ளம் ஆழமின்றி அமைவதால் சில்லு உட்புறமாக நழுவிவிடும்.

இக்குறைக்கு நான்கு நிலைகள் உண்டு. கையால் தள்ளும்போது மட்டும் நழுவித் தானே மீள்வது முதல் நிலை. நடக்கையில் அவ்வப்போது நழுவி மீள்வது இரண்டாவது. பெரும்பாலும் விலகியே நின்று, கையால் தள்ளினால் இடஞ்சேர்வது மூன்றாவது. தள்ளினும் சேராதது நான்காவது. முதல் நிலைக்குப் பொதுவாக அறுவை வேண்டுவதில்லை. இறுதி இரண்டிற்கும் பெரும்பாலும் வேண்டும். ஆராய்ந்து துணிய வேண்டியது இரண்டாம் நிலையே. மணி அந்நிலையில் இருந்தது.

“இதன் எடையைக் குறையுங்கள், கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள், எத்தனை முறை காலைத் தூக்குகிறது என்று எழுதி வாருங்கள்” என்றார் மருத்துவர். எடை என்ற சொல் என்னைத் தைத்தது. நாள்தோறும் நெய்ச்சோறு உருட்டி அதற்கு இட்டவன் நானே. என் அன்பின் சுமையை அதன் முழங்கால் அன்றோ தாங்கியது!

நெய்ச்சோறு நின்றது. வழுக்கும் தரைமீது சணல் விரிப்பு இட்டோம். பேத்தி ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் கோடிட்டு வந்தாள். எடை குறைந்தது; கோடுகள் குறையவில்லை. முதல் மாதத்தில் நாளுக்கு இரண்டாக இருந்தவை, ஐந்தாம் மாதத்தில் பத்தாயின. மாடிப்படியின் கீழே நின்று, ஏறமாட்டாமல் மணி எங்களை நோக்கும். மீண்டும் சோதித்த மருத்துவர், நோய் மூன்றாம் நிலையை எட்டிவிட்டது என்றார்.

மயக்க மருந்தை எண்ணி நான் தயங்கினேன். பேத்தி ஒன்றும் பேசாமல் குறிப்பேட்டை என் முன் விரித்து வைத்தாள். அஞ்சியவன் நான், வலி பொறுத்ததோ மணி. அறுவைக்கு இசைந்தேன். பள்ளத்தை ஆழப்படுத்தி, சில்லின் தசைநார் பற்றியிருந்த எலும்புப் பகுதியை நேர்ப்படுத்தினர். பல வாரங்கள் ஓடவிடாமல் காத்தோம். இப்பொழுது மணி நான்கு காலும் ஊன்றி நடக்கிறது.

நோயுற்றவர் தன்மை, நோயின் அளவு, ஏற்ற காலம் ஆகிய மூன்றையும் எண்ணி மருத்துவம் செய்க என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறுகிறது. அதனை 30 ஆண்டுகள் வகுப்பில் பயிற்றியவன் நான். ஆயினும், ஏற்ற காலத்தை அறிவது எவ்வாறு என்பதை ஒரு சிறுமியின் குறிப்பேட்டில்தான் கற்றேன்.