ஒளியும் உப்பும்

பல் போனால் சொல் போச்சு என்பர். சொல் போகுமுன்பே உறக்கம் போய்விடும் என்பதைப் பல்வலி கண்டோர் அறிவர்.

கடலிரைச்சல் கேட்குமளவு கரைக்கு அண்மையில், கல்முனைக்குடியில் ஒரு வீடு. பேராதனையிற் பல்வைத்தியம் பயிலும் இளைஞன் விடுமுறையில் அங்கு வந்திருந்தான். ராத்தாவின் எட்டு வயது மகன் இரண்டு இரவுகளாகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“பால்பல்லுதானே மனே, விழுந்து முளைக்கும்” என்றாள் உம்மம்மா.

விளக்குப் பிடித்துப் பார்த்தவன் திடுக்குற்றான். குழி விழுந்திருந்தது பாற்பல்லன்று. ஏறத்தாழ ஆறாம் வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஓசையின்றி முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. ஒருமுறை இழந்தால் மீண்டும் முளையாதது. ஓசையின்றி வருவதனாலேயே எத்தனையோ இல்லங்களில் அது பாற்பல்லென்று கைவிடப்படுகின்றது.

மறுநாள் பல் அடைக்கப்பட்டது. ஆயினும் ராத்தாவின் கண்கள் ஆறு வயது மகள்மேற் சென்றன. அவளுக்கு அதே பல் அப்போதுதான் முரசைக் கிழித்துக்கொண்டிருந்தது.

“தம்பி, லேசர் என்று ஒரு ஒளி இருக்காமே. அதைப் புடிச்சு இவள்ற பல்லையாவது காப்பாத்த ஏலாதா?”

கேள்வி எளியது, விடை எளியதன்று. பல்லைப் போர்த்திய மிளிரி, அதாவது எனாமல், ஏறக்குறைய 96 சதவீதம் கனிப்பொருள். கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த அப்பளிங்குகளிடையே காபனேற்று கலந்திருத்தலே அதன் பலவீனம். இனிப்பை உண்ட பற்றீரியாக்கள் அமிலம் சுரந்து, வாயின் பிஎச் பெறுமானம் சுமார் 5.5 இற்குக் கீழிறங்கும்போது மிளிரி கரையத் தொடங்குகின்றது. புளோரைட்டு சேர்ந்த பளிங்கோ சுமார் 4.5 வரை தாக்குப்பிடிக்கும்.

1960இல் மைமன் முதலாவது லேசரை ஒளிரச் செய்தார். சில ஆண்டுகளுள் ஸ்டேர்னும் சொக்னேசும் அவ்வொளியைப் பல்லின்மேற் பாய்ச்சிப் பார்த்தனர். காபனீரொட்சைட்டு லேசரின் கதிரை மிளிரியிலுள்ள பொசுபேற்று நன்கு உறிஞ்சும் என்பது பின்னர் தெளிவாயிற்று. கணப்பொழுது வெப்பத்தில் காபனேற்று வெளியேற, மேற்பரப்பு இறுகுகின்றது. அதனோடு புளோரைட்டும் பூசப்படின், தனித்தனியே செய்வதைவிடக் கரைவு குறைவதைப் பல ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. ஒளி நிலத்தைப் பண்படுத்துகின்றது. உப்பு அதில் வேர்கொள்கின்றது.

ஆனால் வெப்பம் உள்ளிருக்கும் உயிர்க்கூழைத் தீண்டலாகாது. அங்கே 5.5 பாகை செல்சியசு வெப்பம் ஏறியபோதே சில பற்கள் உயிரிழந்ததைக் குரங்குகளில் நடத்திய ஆய்வொன்று 1965இல் உணர்த்திற்று. மனிதரிடத்து நடந்த பரிசோதனைகள் நம்பிக்கையூட்டினும் இன்னும் சிறியவை, கருவியோ விலையுயர்ந்தது.

புளோரைட்டுக்கும் ஓர் அளவுண்டு. நம் நாட்டு உலர் வலயத்தின் உட்பகுதிகளிற் சில கிணறுகளில் அது மிகுந்து, வளரும் பிள்ளைகளின் பற்களிற் பழுப்புக்கறை படியச் செய்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என எல்லை வகுத்தது. வெப்பநாட்டார் மிகுதியாக நீரருந்துவதால் 0.8 போதுமென இலங்கையில் நடந்த ஆய்வு 1992இற் பரிந்துரைத்தது. ஒரு கிணற்றில் மிகையானதை இன்னொரு கிணற்றுக்காரர் பற்பசையிற் பெறவேண்டியுள்ளது. விழுங்கும் நீரில் மிகுந்தால் கேடு. பல்லின்மேற் சிறிதளவு நிலைத்தால் நலம்.

இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்ன இளைஞன் முடிவாக, “ஒளி வரும்போது வரட்டும் ராத்தா, உப்பு கடையிலேயே இருக்கு” என்றான். புளோரைட்டுப் பற்பசை பட்டாணியளவு. காலையொருமுறை, உறங்குமுன் ஒருமுறை. துப்பியபின் வாயை நீரால் அலசாதிருத்தல். புதிதாக முளைத்த பல்லின் வெடிப்புகளை அடைத்து மூட வைத்தியரை நாடுதல். கேட்டிருந்த ராத்தாவின் முகத்திற் சிறு ஏமாற்றம் படர்ந்தது. விந்தையை எதிர்பார்த்தவருக்கு வழமை எப்போதும் சிறிதாகவே தோன்றும்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் சிறுமி பல் துலக்கினாள். கடைசிப் பல்வரை தூரிகை செல்கின்றதாவென இளைஞன் விளக்குப் பிடித்து நின்றான். படுக்கையில் வைத்துக் கொடுக்கும் சீனிப்பாலை உம்மம்மா அன்று பல் துலக்குமுன்பே கொடுத்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, வெறுங்கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.