எந்தத் துப்பாக்கி வாங்கலாம், தம்பி?

காலை நிகழ்ச்சி தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கைத்தொலைபேசியில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி.

"தம்பி, டாரஸா, ரூகரா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா? 350 டாலருக்குள்ள எது நல்லது?"

மிக்ஸியைப் பற்றிக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். எதை வாங்குவதாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது அவள் வழக்கம். அடுத்து ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கைத்துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு விலைச்சீட்டு. அன்று முதல் பாடலை அறிவித்தபோது படத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். நேயர் ஒருவர்தான் திருத்தினார்.

அக்கா தோ பாயோவில் என்னோடு வளர்ந்தவள். இப்போது டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகரில் தாதியாக வேலை செய்கிறாள். அத்தான் மாதத்தில் பத்து நாள் வேலை நிமித்தம் வெளியூர் போய்விடுவார். ஆறு வயதில் ஒரு மகன்.

அவர்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் ஆலன் என்ற ஊர். 2023 மே 6ஆம் தேதி அங்குள்ள கடைத்தொகுதியில் ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். முந்தைய வாரம்தான் அக்கா அங்கே மகனுக்குக் காலணி வாங்கியிருந்தாள். அப்போதுகூட அவள் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. பேச வைத்தது, பிறகு ஒரு நாள் இரண்டு வீடு தள்ளி நடந்த திருட்டு. பின்கதவை உடைத்து யாரோ உள்ளே நுழைந்திருந்தார்கள். அன்றிரவு அத்தான் ஊரில் இல்லை. மகனைத் தன் கட்டிலில் படுக்கவைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாளாம்.

"நீதான் என்எஸ் முடிச்சவனாச்சே. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? தெக்கோங் தீவில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைத் தோளில் சுமந்து ஓடியிருக்கிறேன். அங்கே ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவோ வெற்று உறையோ இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஓர் உறை குறைந்தது. மொத்தப் பேரும் புல்தரையில் குனிந்து தேடினோம். மாலையில் துப்பாக்கியைத் துடைத்து ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்த பிறகுதான் சாப்பாடு. யோசித்துப் பார்த்தால், சுடுவதைவிடத் திருப்பிக் கொடுப்பதைத்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

நம் ஊரில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்திலிருந்து பத்தாண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. அதனால் 'எந்தத் துப்பாக்கி வாங்கலாம்' என்ற கேள்வியே நம் வீடுகளில் எழுவதில்லை. அக்கா அந்தக் கேள்வி எழும் ஊருக்குப் போய்விட்டாள்.

ஜூன் விடுமுறையில் நானும் போனேன். மீன்பிடித் தூண்டிலும் கூடாரமும் விற்கும் பெரிய கடை. அதன் பின்பகுதியில் நீண்ட கண்ணாடி மேசை. அதற்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், நிதானமாகப் பேசுபவர். "வீட்டில் வைக்கவா, கூடவே எடுத்துப் போகவா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத்தடை இல்லாத 21 வயதானவர்கள் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். வீட்டுக்குத்தான் என்றாள் அக்கா.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைத் திறந்து காட்டி மேசையில் வைத்தார்.

ஆக மலிவானது ஹைபாயின்ட். ஒஹாயோவில் செய்யப்படுவது, சுமார் 200 டாலர். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் ஆயுள் முழுவதும் உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் அதன் மேல்பகுதியான ஸ்லைடு, கனமான துத்தநாகக் கலவை. அதைப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். பல ஆண்டுகளாக நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியதில் அக்காவின் மணிக்கட்டு எப்போதும் வலியில்தான் இருக்கும். மூன்று முறை முயன்றும் முழுதாக இழுக்க முடியவில்லை.

அடுத்தது பிரேசில் நிறுவனமான டாரஸின் ஜி3சி, ஏறக்குறைய 300 டாலர். டாரஸ் நமக்கும் புதிதில்லை. சிங்கப்பூர்க் காவல்துறையினர் பல ஆண்டுகள் இடுப்பில் செருகியிருந்த ஐந்து தோட்டா ரிவால்வர் டாரஸ் 85தான். அதைச் சொன்னதும் அக்கா முகத்தில் ஒரு தெளிவு, ஊர்க்காரரைப் பார்த்ததுபோல. ஆனால், பழைய சில டாரஸ் மாடல்கள் கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்ததையும் நான் படித்திருந்தேன். ஜி3சி அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும் அதையும் சொன்னேன்.

மூன்றாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டி9, சுமார் 350 டாலர். 1852இல் தொடங்கிய நிறுவனம், பெயருக்குக் குறைவில்லை. விசை கனமானது, நீளமாக இழுக்க வேண்டும். கையால் தள்ளிப் போடும் சேஃப்டி அதில் கிடையாது.

ரூகரில் இரண்டு காட்டினார். எல்சிபி உள்ளங்கைக்குள் அடங்கும், 300 கிராம்கூட இல்லை. அக்காவின் கை உடனே அதை நோக்கித்தான் போனது. "அதுதான் ஏமாற்றும்" என்றார் பெரியவர். துப்பாக்கி லேசாக இருந்தால் சுடும்போது கையில் அதிகமாக உதைக்கும். முதல்முறை வாங்குபவர்கள் சின்னதாக இருந்தால் சுலபம் என்று நினைத்து எடுத்துப்போய், இரண்டு நாள் சுட்டுவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்களாம். இன்னொன்று செக்யூரிட்டி-380. சற்றுப் பெரியது, விலை எஸ்டி9ஐ ஒட்டி. சக்தி குறைந்த தோட்டா என்பதால் ஸ்பிரிங்கும் இலகு. அக்கா ஒரே இழுப்பில் இழுத்துவிட்டாள்.

"அப்போ இதுதான்" என்றாள்.

வாங்கும் முறையும் நீளமில்லை. 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எஃப்பிஐ பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். டெக்சஸில் காத்திருப்புக் காலம் இல்லை. அத்தானின் அலுவலகத்தில் எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்க முடியாது. அக்காவிடம் கிரீன் கார்டு இருக்கிறது. கார் வாங்கும் உரிமைக்கே ஏலம் கேட்கும் ஊரிலிருந்து போன எனக்கு அந்த வேகம் மூச்சுமுட்டியது. "நாளைக்கு வரலாமே, அக்கா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊடகத் துறை பட்டப்படிப்பில் விளம்பரம் பற்றி ஒரு பாடம் உண்டு. 'எது?' என்று கேட்க வைத்துவிட்டால் 'வேண்டுமா?' என்ற கேள்வியை வாடிக்கையாளர் மறந்துவிடுவார் என்பது அதன் சாரம். அதைப் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். இருந்தும் அந்தக் கடையில் இரண்டு மணி நேரம் எடையையும் ஸ்பிரிங்கையும் விலையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுவாரஸ்யமாகவும் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

அன்றிரவு, எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். "அங்க அவன் கை எட்டாது."

நான் தேக்காவிலிருந்து வாங்கிப் போயிருந்த முறுக்கு டின்னும் அதே மேல்தட்டில்தான் இருந்தது. மருமகன் ஒரே நாளில் காலி செய்துவிடுவான் என்று அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை அக்கா இரவுப் பணி முடிந்து இன்னும் வீடு திரும்பவில்லை. நான் கூடத்தில் படுத்திருந்தேன். ஒலியோடு பிழைப்பவன் நான், சின்னச் சத்தமும் காதில் விழுந்துவிடும். உள்ளே 'நறுக்' என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். நாற்காலி, அதன்மேல் என் பெட்டி, கீழே தரையில் மடியில் டின்னோடு மருமகன்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? 2023 ஜனவரியில் வர்ஜீனியாவில் ஆறு வயது மாணவன் ஒருவன், தாய் முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் வகுப்பறையில் ஆசிரியையைச் சுட்டான். அவர் உயிர் பிழைத்தது பெரிய விஷயம். அமெரிக்காவில் 2020 முதல் பிள்ளைகள், பதின்ம வயதினரின் மரணத்துக்கு முதல் காரணமாக இருப்பது துப்பாக்கி. இதெல்லாம் தாதியான அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அது மற்ற வீடுகளின் கதையாக இருந்தது. நாற்காலியும் பெட்டியும் அவள் அறையில் இருந்தன.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பயமா இருக்குடா தம்பி. அவர் இல்லாத ராத்திரி உனக்குத் தெரியாது" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கீழ்மாடியில் காப்பிக்கடையும் எதிர்வீட்டில் ஒரு மக்சிக்கும் இருக்கும் வீவக வீட்டில் தூங்குபவன் நான். வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிது.

அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொன்னேன். முதலில் பின்கதவுக்கு நல்ல பூட்டும் வெளிச்சமும். அடுத்து, சுவரோடு திருகி வைக்கும் எண் பூட்டுப் பெட்டி. பிறகு பயிற்சி வகுப்பு. கடைசியில் துப்பாக்கி. கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர் கூடவே ஒரு பூட்டும் தந்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி வைத்தால் டெக்சஸில் அது குற்றம். ஆனால் சட்டம் வந்து அலமாரியைத் திறந்து பார்க்காது.

கணக்குப் போட்டோம். பெட்டி, வகுப்பு, காதுக்கவசம், ஐம்பது தோட்டா ஏறக்குறைய 15 டாலர் வீதம் பழகுவதற்கான தோட்டாக்கள். எல்லாம் சேர்ந்து துப்பாக்கி விலையைத் தாண்டின. மலிவு விலைத் துப்பாக்கியில் மலிவானது துப்பாக்கி மட்டும்தான்.

நான் ஊர் திரும்புவதற்குள் கதவும் பெட்டியும் தயாராகிவிட்டன. மூன்று மாதம் பெட்டிக்குள் பாஸ்போர்ட்டும் தாலிக்கொடியும் மட்டும் இருந்தன. பிறகு அக்கா வகுப்பை முடித்து அந்த ரூகரை வாங்கினாள். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாயா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். பூட்டின் எண் அவளுக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் சரியான யோசனைதான் சொன்னேனா? இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாரம் தவறாமல் அழைக்கிறேன். முன்பெல்லாம் "சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்குவேன்.

இப்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. "பெட்டி பூட்டியிருக்கா, அக்கா?"

அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருப்பேன்.