வட்டவடையிலிருந்து மவுண்ட் ரோடு வரை

மலையிற் பிறந்தோர்க்கு உயரம் புதிதன்று. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகச் சென்றால் நமது வட்டவடை. சரிவைப் படிப்படியாக வெட்டி, பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளைவித்த முன்னோர் வழிவந்த நாம், சென்னைக்குச் செல்லுங்கால் எல்.ஐ.சி. கட்டடத்தை மட்டும் அண்ணாந்து பார்க்கத் தவறுவதில்லை.

பயணமும் இப்பொழுது எளிது. பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கினால் போதும். அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் நின்றுபோன இரயில், 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நமக்கு இதனினும் மகிழ்ச்சி வேறில்லை. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ வண்டியில் ஏறினால், எல்.ஐ.சி. என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு.

அக்கட்டடத்தின் வரலாறு அறியத்தக்கது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் தலைவர் மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் அதனை எண்ணியவர். கடல் கடந்து வாழ்ந்த தமிழருக்கு உதவும் வகையில், 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கியவரும் அவரே. 1953-இல் வேலை தொடங்கிற்று. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956-இல் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, கட்டடம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தைச் சேர்ந்தது.

வரைபடம் வகுத்தவர்கள் இலண்டன் நகரத்துப் பிரௌன், மூலன் என்னும் இருவர். அவர்கள் விலகியபின் சென்னைக் கட்டடக்கலை வல்லுநர் எல்.எம். சித்தாலே பணியை ஏற்று முடித்தார். முதலில் 18 மாடிகள் எனத் திட்டமிட்டனர், எழுந்தவை 14. உயரம் 177 அடி. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு, சுவரே பாரத்தைத் தாங்குமாறு கட்டிவந்த நகரில், காங்கிரீட் தூண்களே முழுப் பாரத்தையும் ஏற்கும் முறை இங்கே துணிந்து கையாளப்பட்டது. 1959 ஆகஸ்ட் 23-ஆம் நாள் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். 1975-இல் பெருந்தீ பற்றியபோதும், பின்னர் செப்பனிடப்பெற்று இன்றும் நிற்கிறது. அதனினும் உயர்ந்தவை இன்று சென்னையில் பல. எனினும் ஊரார் முதலிற் கேட்பது அதனையே.

இதனை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெளியூரிற் குடியேறிய நம் குடும்பங்கள் பல, சேமித்த பணத்தில் வட்டவடையில் மாடிவீடு கட்ட விரும்புகின்றன. விருப்பம் நியாயமானதே. தந்தையார் வாழ்ந்த மண்வீடு சிறியது என்று பிள்ளைகள் கருதுவதும் இயல்பே. ஆயினும் 2018 ஆகஸ்டுப் பெருமழையில் இடுக்கி மாவட்டத்துச் சரிவுகள் எத்தனை இடங்களில் சரிந்தன என்பதை நாம் அறிவோம். மலைச்சரிவைத் தோண்டிச் சமன்செய்து மாடிமேல் மாடி ஏற்றினால், மழைநீர் எங்கே போகும்? பக்கத்து வயலின் கரை எதனைப் பற்றி நிற்கும்? மேற்படியில் கட்டுபவர் செய்யும் பிழை கீழ்ப்படியில் உறங்குபவர் தலையில் அன்றோ விழும்?

பதினெட்டைப் பதினான்காக்கியதனால் சென்னைக் கட்டடத்தின் பெருமை குறையவில்லை. மூன்று மாடி எண்ணியவர் ஒன்றோடு நிறுத்தினால் நமக்கும் குறைவில்லை. மண்ணையும் நீர்வழியையும் அறிந்த பொறியாளரை அழைத்துக் கேட்போம். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய ஓடை எவ்வழியே ஓடிற்று என வினவுவோம். அதன்பின் கடைக்கால் தோண்டுவோம். தொடங்கியவர் கண்ணாற் காணாத கட்டடத்தைப் பிறர் முடித்துத் தந்தனர். நாம் தொடங்குவதும் நம் பேரப்பிள்ளைகள் அச்சமின்றி உறங்கும் வீடாக அமைதல் வேண்டும்.