முக்கால் கோடி எஸ்.யூ.வி... வாழவந்தி மலைப்பாதையில் பாஸ் ஆகுமா?

ஷோரூம் டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் நேரான நகரச் சாலையில், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஓட்டுபவர் ஒருவர், பக்கத்தில் விற்பனைப் பிரதிநிதி. பின் சீட் காலி. ஆனால், வாங்கப்போவது குடும்பத்துக்கான கார். தாத்தா, பாட்டி, குழந்தைகள், பெட்டிகள் எல்லாம் ஏறிய பிறகு அது எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நல்ல இடம், சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக வாழவந்தி வரை செல்லும் மலைப்பாதை.

வாழவந்தி, சேர்வராயன் மலையில் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த மலைக்கிராமம். இங்கேயே முதல் டெஸ்ட் ஆரம்பம். நாமக்கல் மாவட்டத்திலும் வாழவந்தி உண்டு. கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்றே ஒரு பகுதி இருக்கிறது. காரின் பெரிய திரையில் வெறுமனே ‘வாழவந்தி’ என்று தட்டினால், வேறு மலைக்கு வழிகாட்டிவிடலாம். ஏற்காட்டையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

ஏற்றத்தில் எப்படி?

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், இன்ஜினின் மூச்சும் கொஞ்சம் வாங்கும். டர்போ இன்ஜின்கள் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இதைச் சமாளித்துவிடும்.

உதாரணத்துக்கு, 2025-ல் இந்தியாவுக்கு வந்த புதிய பி.எம்.டபிள்யூ எக்ஸ்3. சென்னையை அடுத்த மறைமலை நகர் பகுதியில் உள்ள ஆலையில் அசெம்பிள் ஆகும் கார் இது. அறிமுக விலையே 75 லட்ச ரூபாய்க்கு மேல். டீசல் மாடலின் இழுவிசை 400 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும். வளைவில் வேகம் குறைந்து மீண்டும் ஏற வேண்டிய இடத்தில், மழையில் நனைந்த தார்ச்சாலையில், இரண்டுமே கைகொடுக்கும்.

பின் சீட்டில் யார்?

மலைப்பாதையின் உண்மையான நீதிபதி பின் சீட்டில்தான் இருக்கிறார். எக்ஸ்3-யில் ஐந்து பேர் உட்காரலாம். ஆனால், பின் வரிசையின் நடுவில் தரை மேடாக எழும்பி நிற்பதால், அங்கே உட்காருபவருக்குக் கால் வைக்கச் சிரமம். வளைவுக்கு வளைவு உடல் சாயும்போது இது இன்னும் தெரியும். நான்கு பேருக்குச் சொகுசு, ஐந்தாவது ஆளுக்குச் சமாளிப்பு என்பதே நிஜம். தலைசுற்றல் வருபவர்களுக்கு முன் சீட்டும், தூரத்துச் சாலையைப் பார்ப்பதும்தான் மருந்து. பின் சீட் குழந்தைகள் கையிலிருக்கும் மொபைலை மலை முடியும்வரை வாங்கி வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். எக்ஸ்3-யின் நீளம் 4,755 மில்லிமீட்டர். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸின் நீளமும் அதேதான். ஆனால், ஹைகிராஸில் மூன்று வரிசை, ஏழு எட்டு பேர் போகலாம். விலை பாதிக்கும் குறைவு. முன் சக்கரங்களுக்கு மட்டுமே சக்தி என்பது அதன் குறை.

அகலம் ஒரு பிரச்னை

எக்ஸ்3-யின் அகலம், கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1,920 மில்லிமீட்டர். ஏற்காடு ஏரியைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடிகளும் காபிச் செடிகளும் நிறைந்த கிராமச் சாலைகளுக்குள் நுழைந்தால் இந்த எண் நினைவுக்கு வரும். எதிரே பஸ்ஸோ எஸ்டேட் ஜீப்போ வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது சாலை விதி. மூடுபனியில் காட்டெருமை குறுக்கே வரலாம். ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து வரலாம். டூரிஸ்ட்டுக்கு இது பிக்னிக் ரோடு; ஊர்க்காரர்களுக்கு அன்றாட வழி. 360 டிகிரி கேமரா இங்கே ஆடம்பரம் இல்லை, தேவை.

இறக்கம்தான் இறுதித் தேர்வு

2024 ஏப்ரல் 30 அன்று, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் பலியாயின. இறக்கத்தின் ஆபத்தை இந்த ஊர் மறக்கவில்லை.

ஆட்களும் பெட்டிகளும் ஏறினால் இப்படிப்பட்ட எஸ்.யூ.வி-யின் எடை இரண்டு டன்னைத் தாண்டும். பிரேக்கை மட்டுமே நம்பி 1,200 மீட்டர் இறங்கினால், அது சூடேறி பிடிப்பை இழக்கும். எனவே, ஆட்டோமேட்டிக் காராக இருந்தாலும் கியரைக் குறைத்து, இன்ஜினையே வேகத்தைக் கட்டுப்படுத்தவிட வேண்டும். நியூட்ரலில் இறங்கவே கூடாது. ஹைகிராஸ் ஹைபிரிட்டில் மோட்டாரே பேட்டரியை சார்ஜ் செய்தபடி வேகத்தைக் குறைக்க உதவும்.

எதை வாங்கலாம்?

வீட்டில் நான்கு பேர், அடிக்கடி மலைப் பயணம், பட்ஜெட்டும் இருக்கிறது என்றால் எக்ஸ்3 பாஸ். தாத்தா பாட்டியோடு ஆறு பேர் என்றால், முக்கால் கோடி கொடுத்தும் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டியதுதான். அதே நீளத்தில் மூன்று வரிசை கார் போதும். முன்பணம் கட்டும் முன் ஒரு நிபந்தனை வையுங்கள். மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு மலைப்பாதையில் டெஸ்ட் டிரைவ். இறங்கி வந்ததும் கார் எப்படி என்று டிரைவரைக் கேட்காதீர்கள், பாட்டியைக் கேளுங்கள்!