ஹலப் நகரத்துக் கோட்டை

சிரியா தேசத்தின் வடபாகத்தில், அலெப்போ என்று உலகம் அறிந்ததும் அரபு மக்கள் ஹலப் என்று வழங்குவதுமான புராதன நகரத்தின் நடுவே, கடைவீதிகளுக்கும் மசூதிகளுக்கும் மேலாக ஏறத்தாழ 50 மீட்டர் உயரம் எழும்பிய மேட்டின்மீது அந்நகரின் கோட்டை நிற்கிறது.

இன்று காணும் உருவத்தைப் பெரும்பாலும் அதற்கு அளித்தவர், சலாஹுத்தீனின் குமாரரும் 1186 முதல் 1216 வரை அங்கே அரசு புரிந்தவருமான அல்-ஸாஹிர் காஸி. மேட்டைச் சூழ்ந்த அகழியை ஆழமாக்கி, சரிவுகளுக்குக் கல் போர்த்தி, பகைவர் பற்றியேற இடமில்லாமற் செய்தார் அவர். ஆயினும் அவருடைய சிற்பிகளின் புத்திநுட்பம் பூரணமாக விளங்குவது வாயிலில்தான். அகழிமேல் வளைவுகள் தாங்கும் பாலத்தைக் கடந்து பிரம்மாண்டமான வாயிற்கோபுரத்தை அடைகிறவன் நேரே உட்புக முடியாது. எதிரே இருப்பது வெறுஞ்சுவர். கதவோ பக்கவாட்டில். சர்ப்பங்கள் பின்னிப் பிணைந்து கிடக்கும் சிற்பத்தின் கீழே அதனைத் தாண்டினாலும், இருண்ட வழி மறுபடி மறுபடி செங்கோணமாகத் திரும்புவதால், கதவை இடிக்கும் உத்தரத்தைத் தூக்கிவரும் படை ஓடிவந்து மோதுவதற்கு வேண்டிய தூரம் எங்குமே கிடைப்பதில்லை. உள்ளே ஒரு வாயிலில் இரண்டு சிங்கங்கள். ஒன்று சிரிக்கிறது, மற்றது அழுகிறது என்பது ஊரார் வாக்கு.

இத்தனை காவல் இருந்தும் 1260-இல் மங்கோலியரும் 1400-இல் தைமூரும் கோட்டையைப் பிடித்துச் சிதைத்தார்கள். பின்னர் மம்லூக் பிரபுக்கள் வாயிற்கோபுரத்தின்மேல் சிம்மாசன மண்டபம் எழுப்பினார்கள். 1822-ஆம் வருஷத்துப் பூகம்பம் உள்ளிருந்த கட்டிடங்கள் பலவற்றைத் தரைமட்டமாக்கிற்று.

1996 முதல் ஜெர்மானிய, சிரிய ஆராய்ச்சியாளர் சேர்ந்து மேட்டின் உச்சியில் தோண்டியபோது, கிறிஸ்துவுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே தோன்றிப் பலமுறை புதுப்பிக்கப்பட்ட புயற்கடவுளின் ஆலயம், கல்லிற் செதுக்கிய தெய்வ உருவங்கள் வரிசையாக நிற்க வெளிப்பட்டது. அது மகத்தான கண்டுபிடிப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மிகப் பழையதே மிக மேலானது என்று எண்ணி, அதை மூடியிருந்த இஸ்லாமிய காலத்து அடுக்குகளை வெறும் மண்ணாகக் கருதுவது எவ்விடத்திலும் அநீதி என்பதே என் அபிப்பிராயம். காஸியின் அரண்மனையும், அதன் ஸ்நானமண்டபமும், நீர் சேமித்த தொட்டிகளும், முற்றுகைக்காலத்தில் ஒரு சமுதாயம் எவ்வாறு உயிர் தரித்தது என்பதைச் சொல்ல வல்லவை. அவற்றையும் ஆலயத்துக்குரிய அதே சிரத்தையோடு அளந்து எழுதிவைக்க வேண்டும்.

உள்நாட்டுப் போரின்போது, 2015-இல் சுரங்க வெடிப்பால் வெளிமதிலில் ஒரு பகுதி சரிந்தது. 2023 பிப்ரவரிப் பூகம்பத்திலும் கோட்டைக்குச் சேதம் நேர்ந்தது. இடிந்த கல் முன்பு எந்த வரிசையில் இருந்ததென்று சொல்லத்தக்கவை, அதற்கு முன்னரே எடுத்துவைத்த அளவுகளும் வரைபடங்களுமே.