கணவாய் காட்டிய குறுக்கு வழி

மணப்பாடு பிள்ளைகளுக்குக் கணவாய் என்றால் சோற்றுக்குக் குழம்பு. கணினி வகுப்பில் 'ஸ்குயிட்' என்ற மென்பொருளின் பெயருக்குப் பொருள் சொன்னதும் வகுப்பே சிரித்தது. 1996-லிருந்து வரும் இலவச மென்பொருள் அது. இணையத்துக்கும் நம் கணினிகளுக்கும் நடுவே உட்கார்ந்து, ஒருமுறை இறக்கியதைச் சேமித்து, அடுத்தவர் கேட்டால் தன் கையிலிருந்தே கொடுக்கும்.

எங்களிடம் இருந்ததோ மெலிந்த பிராட்பேண்ட் இணைப்பு, மாத வரம்பு வேறு. உபுண்டுவின் தலைமைக் களஞ்சியம் இங்கிலாந்தில். அதே கோப்புகளின் நகல் சென்னை ஐ.ஐ.டி.யின் மிரர் தளத்திலேயே அப்போது இருந்தது. நம் கரையில் இறங்கிய சீலாவைத் தூத்துக்குடி சந்தைக்குப் போய் வாங்கி வருவார்களா?

இதற்கு ஸ்குயிட்டில் ஒரு வசதி இருக்கிறது. வரும் ஒவ்வொரு முகவரியையும் நாம் எழுதிய சின்ன நிரலிடம் அது காட்டும். நிரல் வேறு முகவரியைச் சொன்னால் அங்கே போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய இடத்துக்கே. கேட்ட கணினிக்கு இது தெரியவே தெரியாது. பத்து வரி பெர்ல் நிரல் போதும். இன்னொரு லாபமும் உண்டு: ஒரே கோப்பை நாலு மிரரிலிருந்து கேட்டால் ஸ்குயிட் நாலு தனிக் கோப்பாகத்தான் சேமிக்கும். எல்லாவற்றையும் ஒரே மிரருக்குத் திருப்பிவிட்டால் ஒரு நகலே போதும்.

"சார், வேற எடத்துலேர்ந்து வருதே, கலப்படம் இருந்தா?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி! பொதிகளின் பட்டியலில் மின்கையொப்பம் இருக்கும். மிரரில் யாராவது கைவைத்திருந்தால் நம் கணினியே ஏற்க மறுத்துவிடும்.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து, இந்தியாவின் இணையமே தள்ளாடியது. வெளிநாட்டுப் பக்கங்கள் திறக்கப் பெரும்பாடு. எங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு வேண்டிய மென்பொருள் மட்டும் சென்னையிலிருந்து வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் செய்முறை வகுப்பு ஒருநாளும் நிற்கவில்லை.

இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ். ஸ்குயிட்டுக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும், எந்தக் கோப்பு என்று தெரியாது. அங்கே இந்த வித்தை பலிக்காது. டெபியன், உபுண்டு பொதிகள் இன்னமும் சாதாரண ஹெச்டிடிபியில் கிடைப்பதால் அங்கே இன்றும் பலிக்கும்.

பழைய மாணவர்கள் யாரிடமாவது அந்த நிரல் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். என் ஹார்டு டிஸ்க் உப்புக்காற்றில் போய்விட்டது.