மரைக்காயர் மெரிக்கான் ஆன கதை

எங்கள் கெப்பாலா பத்தாஸ்காரர்கள் தீவுக்குப் போவதென்றால் வேலைக்குப் போவோம், மருத்துவமனைக்குப் போவோம், இல்லாவிட்டால் நாசி கண்டாருக்குப் போவோம். ஜார்ஜ்டவுனைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் வெளியூர்க்காரர்களின் வேலை. இந்த முறை நான் ஃபெரி ஏறியது ஒரு பெயரைத் தேடி. அந்தப் பெயர் மெரிக்கான்.

வானொலியில் பெயர்களைப் படிப்பது எனக்குப் பிழைப்பு. சில பெயர்கள் வாயில் நின்றுவிடும். நம் நாட்டு மேடை நாடகத்தின் மூத்த கலைஞர் ஃபரிடா மெரிக்கான் பினாங்கில் பிறந்தவர். ஒரு காலத்தில் வானொலியிலும் குரல் கொடுத்தவர். மெரிக்கான் என்று முடியும் பெயர்கள் பினாங்கிலும் கெடாவிலும் நிறைய. கேட்டால் மலாய்ப் பெயர் போலத்தான் இருக்கும். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: மரைக்காயர்! மரக்கலம் ஓட்டி வணிகம் செய்த சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் பட்டப்பெயர்தான் இது.

பினாங்கில் அந்தப் பெயருக்குப் பெரிய முகவரி தந்தவர் காதர் முகைதீன். கடலூர்ப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர். பிரான்சிஸ் லைட் 1786-ல் தீவில் கொடி ஏற்றிய சில ஆண்டுகளிலேயே தமிழ்க் கரையிலிருந்து ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வந்து போனார்கள் என்று லைட்டே எழுதியிருக்கிறார். துணி வந்தது, மிளகும் பாக்கும் போயின. பினாங்கு என்ற பெயரே பாக்கைக் குறிப்பதுதானே. வந்தவர்களுக்குள் வழக்கு வந்தால் தீர்க்க ஒருவர் வேண்டும். அப்படித் தலைவராக அமர்த்தப்பட்டவர்தான் 'கப்பித்தான் கெலிங்'.

1801-ல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத், பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் கொடுத்தார். அந்த இடத்தை ஒட்டிய சாலை அப்போது மலபார் தெரு. பிறகு சூலியா தெரு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு லீத் வேறு வகையிலும் வேண்டியவர். தீவுக்குச் சோறு போட வயல் வேண்டும் என்று 1800-ல் கெடா சுல்தானுடன் உடன்படிக்கை செய்து, இன்றைய செபராங் பிறையைக் கும்பெனிக்கு வாங்கியவர் அவர்தான். சுல்தானுக்கு ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் என்று பேச்சு. மலாயில் கெப்பாலா என்றால் தலை. பத்தாஸ் என்றால் வரப்பு, எல்லை. ஊர்ப் பெயரிலேயே வயல் இருக்கிறது.

கப்பித்தானின் அதிகாரம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1807-ல் அரச சாசனத்தின்படி நீதிமன்றம் வந்ததும் தீர்ப்பு நீதிபதி கைக்குப் போயிற்று. செல்வம் மட்டும் இருந்தது. காதர் முகைதீன் 1834-ல் காலமானார். விட்டுப்போன சொத்தில் ஒரு பகுதி வக்ஃபு. அதாவது விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, அறத்துக்கே பயன்பட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் என்ன செய்யும்? இஸ்லாமிய முறைப்படி உயில் எழுத மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உரிமை. 1871-ல் வந்த 'பாத்திமா எதிர் லோகன்' தீர்ப்போ, இங்கே ஆங்கிலச் சட்டமே செல்லும், ஒருவர் முழுச் சொத்தையும் உயிலில் எழுதலாம் என்றது. அறக்கட்டளை நிலங்கள் ஒழுங்காக நடக்கவில்லை என்று சொல்லி, 1905-ல் முகமதிய, இந்து அறக்கொடைகளுக்கென்று தனி வாரியம் அமைக்கச் சட்டம் போட்டது அரசு. தாத்தா கொடுத்த நிலம் பேரன் கையிலும் இல்லை, ஊர் கையிலும் இல்லை, அரசாங்கக் கோப்புக்குள் போய்விட்டது. ஒழுங்கு வந்தது உண்மை. ஆனாலும் அதை நன்மை என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மொழி போனது வேறு வழியில். அதற்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை, திருமணம் போதும். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் தாயின் மொழியில் வளர்ந்தார்கள். ஜாவி பெரானாக்கான் என்று ஒரு சமூகமே உருவாயிற்று. 1876-ல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய்ச் செய்தித்தாளுக்கும் அதுவே பெயர், நடத்தியவர்களும் அவர்களே. ஊடகம் படித்த எனக்கு இதில் பெருமையா வருத்தமா என்று கேட்டால், பெருமை கொஞ்சம் கூடுதல்.

'கெலிங்' என்ற சொல்லின் கதிதான் வருத்தம். அன்று அது தலைவரின் பட்டத்தில் இருந்தது. இன்று பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அடிதடி. ஆனால் சாலைப் பலகையில் மட்டும் அதே சொல் நிமிர்ந்து நிற்கிறது: ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். பழைய பிட் தெருதான்.

இன்று நாம் பார்க்கும் குவிமாடமும் மினாராவும் காதர் முகைதீன் பார்த்தவை அல்ல. கட்டடக் கலைஞர் நியூப்ரோனர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்துப் பெரிதாக்கியது. 2008-ல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ மரபுடைமை நகரானதும் கூட்டம் கூடிவிட்டது.

போகிறவர்கள் தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டாம். தோளும் காலும் மறையும் உடை வேண்டும். படம் எடுத்து முடித்தவுடன் நேரே சாப்பாட்டுக் கடைக்கு ஓடாமல், பக்கத்திலேயே இருக்கும் ஜாலான் கம்போங் கோலாமுக்கு நடந்து போங்கள். கப்பித்தானின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கூட்டம் இருக்காது. பிள்ளைகளை அழைத்துப்போனால் பரங்கிப்பேட்டை எங்கே இருக்கிறது என்று கைப்பேசி வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.